சின்னவளுக்கு லீவு கிடைக்கவில்லை

பெரியவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு தொடங்கியபோது அது சின்னதாகத்தான் இருந்தது. அக்கா குடும்பமும் தங்கை குடும்பமும் சேர்ந்து மலையூருக்கு மூன்று நாள் போவது. பஸ்ஸில் போய், ஏரிக்குப் பக்கத்தில் சாதாரண விடுதி ஒன்றில் இரண்டு அறை எடுத்து, செலவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது. சின்னவள் வீடு திரும்புவதற்குள் மனக்கணக்குப் போட்டுவிட்டாள்.

அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கணவன் ரொட்டிக் கம்பெனியின் வண்டி ஓட்டுகிறவன். இரண்டு பேர் சம்பளமும் மாதத்துக்கு மாதம் சரியாகிவிடும். மேற்கொண்டு எது வேண்டுமானாலும் அவள் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அதனால் எந்தச் செலவும் அவள் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையாகத்தான் தெரியும். மகளின் பள்ளிச் செருப்பு அரை ஞாயிறு. மலைப் பயணம் ஐந்து ஞாயிறு. தாங்கும் என்று நினைத்தாள்.

ஆனால் பெரியவள் போன் பண்ணும்போதெல்லாம் பயணம் ஒரு சுற்றுப் பெருத்தது.

"அந்த விடுதியில சுவரெல்லாம் ஓதமாம்டீ. மேல பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டல் இருக்கு. ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ளே வருமாம். அதையே போட்டுடலாமா?"

"சரிக்கா."

"பஸ்ஸெல்லாம் வேண்டாம். உங்க அத்தான் பெரிய காரா ஒண்ணு பேசிட்டாரு."

"சரிக்கா."

"மலை ரயில்ல முதல் வகுப்புலதான் கண்ணாடி பெருசா இருக்குமாம்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது ஐந்து ஞாயிறு பதினொன்றாகியிருந்தது.

பெரியவள் கெட்டவள் இல்லை. அவள் கணவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடை நன்றாக ஓடியது. ஒரு பொருளின் விலையைக் கடைசியாகக் கேட்கிற இடத்துக்குப் பெரியவள் வந்து சேர்ந்திருந்தாள். சின்னவள் இன்னும் முதலில் கேட்கிற இடத்திலேயே இருந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் அவளைத் தூங்கவிடவில்லை, ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவாள். துணியைப் பாதியில் போட்டுவிட்டுப் பால் பொங்கிய அடுப்பைத் துடைக்க வருவாள். வேலையிலும் அதே கதைதான். ஒரு நாள் வயதான ஒருவரைப் பலகையில் மார்பை ஒட்டி நிற்கச் சொல்லி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள். படமும் எடுத்துவிட்டாள். முதல் வகுப்பு டிக்கெட் தலைக்கு எத்தனை என்ற யோசனையில் அடுத்த வார்த்தை வரவில்லை.

"அம்மா, விடலாமா?" என்றார் பெரியவர், நசுங்கிய குரலில். முகம் சிவந்துபோயிருந்தது.

"ஐயோ, விடுங்க! விடுங்க!"

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, பணம்தான் பிரச்சினைன்னு கண்டுபிடிச்சு அவளே கட்டிடுவா."

"கட்டட்டுமே."

"ஃபிரிட்ஜை மறந்துட்டீங்களா?"

அவன் மறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய ஃபிரிட்ஜ் கண்ணை மூடியபோது பெரியவள் பணம் கொடுத்துப் புதிதாக வாங்கச் சொன்னாள். சின்னவள் ஒரு வருஷத்துக்குள் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இருந்தாலும் அக்கா எப்போது வந்தாலும் நேராகப் போய் அதன் கதவைத் திறந்து, "நல்லா குளிருதா?" என்று கேட்பாள். ஒரு தடவை மாமியார் வீட்டு ஆட்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, "இது நான் வாங்கிக் கொடுத்தது" என்று பாசமாக அதைத் தட்டிக் கொடுத்தாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அதனால் மறுநாள் சின்னவள் போன் பண்ணி, "லீவு கிடைக்கலைக்கா" என்றாள்.

"என்னடீ இது, கடைசி நேரத்துல! உங்க டாக்டர்கிட்ட நான் பேசட்டுமா?"

"ஐயோ வேண்டாம்க்கா, அவர் ஒரு மாதிரி."

பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க முன்பணம் கட்டியாச்சு. நாங்க போறோம்" என்று வைத்துவிட்டாள்.

ஒரு நாள் பூரா சின்னவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. அதற்குப் பிறகு வேறு விதமாகக் குடையத் தொடங்கியது. லீவு உண்மையில் கிடைத்திருந்தது. அந்த நாட்களுக்கு வேறு ஆளும் போட்டாகிவிட்டது. அதைவிட, மகள் இருந்தாள். ஏழு வயது. வாய் ஓயாததால் வீட்டில் அவள் பெயர் ரேடியோ. மலைக்குப் போகிற சேதியை அது வகுப்பு முழுக்க ஒலிபரப்பிவிட்டது. இல்லை என்று தெரிந்ததும் அழவில்லை, பேச்சை நிறுத்திவிட்டது. இரண்டு நாள் அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை என்றால் எப்படியிருக்கும்? கணவனுக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். கூட வேலை பார்க்கும் டிரைவருக்குச் சொந்தக்காரர் ஒருவர் மலையூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாராம். கடைக்கு மேலே ஒரு அறை. வாடகை, போகவர பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு ஞாயிறுக்குள் முடிந்துவிடும்.

"அதே ஊருக்கா?" என்றாள் அவள்.

"வேற ஊர்ல நமக்கு யாரு ரூம் தர்றா?"

"அதே தேதிக்கா?"

"உனக்கு வேற தேதியில லீவு இருக்கா?"

இல்லை. "அவங்க கண்ணுல பட்டா?"

"அவங்க மலை உச்சியில. நாம பஸ் ஸ்டாண்டுல. ஊர் என்ன நம்ம வீட்டுக் கூடமா?"

கிட்டத்தட்ட கூடம்தான் என்று போய் இறங்கியதும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிவரை இறங்கும் ஒரே ஒரு தெரு. வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தெருவில்தான் காலையில் இறங்கினார்கள், மாலையில் ஏறினார்கள். சின்னவள் முதல் வேலையாகக் காதுவரை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றும் முகக்கவசமும் வாங்கினாள். கணக்கில் இல்லாத முதல் செலவு.

அப்புறம் ஒளிந்து விளையாட்டுதான். பெரியவள் குடும்ப குரூப்பில் நிமிஷத்துக்கொரு படம் போட்டாள். அதை வைத்துத்தான் சின்னவள் வழி நடத்தினாள். அவர்கள் ஏரியில் படகில் இருந்தால் இவர்கள் பூங்காவுக்கு ஓடினார்கள். அவர்கள் பூங்காவுக்குக் கிளம்பியதும் இவர்கள் பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். ரேடியோ பாதி ஐஸ்கிரீமோடு இழுத்துக்கொண்டு போகப்பட்டது. அக்கா மாதிரி நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றால் போதும், சின்னவள் கணவனைத் துணிக்கடைக்குள் தள்ளிவிடுவாள்.

இரண்டாம் நாள் பெரியவளே கூப்பிட்டாள். "எப்படி இருக்கே? அங்க வெயில் எப்படி?"

குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "ஒரே வெக்கைக்கா" என்றாள் சின்னவள். அதே நேரம் பின்னால் மலை ரயில் கூவியது.

"என்னடீ சத்தம்?"

"பக்கத்து வீட்டு குக்கர்."

போனை வைத்ததும் கணவன் அவளைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் எளிதில் வராது, அன்று வந்திருந்தது. "வந்ததிலேர்ந்து நீ மலையையே பார்க்கல. ஊர்ல இருக்கிறவன் முதுகெல்லாம் பார்க்கிற. இதுக்கு நாம வீட்டுலயே இருந்திருக்கலாம்."

"வான்னு சொன்னது யாரு?"

"நான்தான். பொய் சொன்னது யாரு?"

ரேடியோ இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. "பெரியம்மாகிட்ட நாம ஏன் ஒளியறோம்? அவங்க அடிப்பாங்களா?" என்று கேட்டது. சின்னவள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் டீக்கடை ஒன்றில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. பெரியவள் அழுதுகொண்டிருந்தாள்.

"படியில வழுக்கி விழுந்துட்டேன்டீ. வலது கை மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தா, எக்ஸ்ரே எடுக்கிறவர் போயிட்டாராம், நாளைக்குக் காலைலதான் வருவாராம். அட்டை வச்சுக் கட்டிவிட்டிருக்காங்க. உங்க அத்தானும் பசங்களும் ஆளுக்கொரு மூலையில போனை நோண்டிக்கிட்டு நிக்கிறாங்க. எலும்பு உடைஞ்சிருக்குமா? நீ பக்கத்துல இருந்திருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காதுடீ..."

டீக்கடை ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சரிவில், ஆஸ்பத்திரியின் பச்சைப் பலகை தெரிந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒன்றும் இருக்காதுக்கா, விரலை அசைத்துப் பார்' என்று சொல்லிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கணவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"போனை வைக்கா. வரேன்."

"எங்கேர்ந்துடீ வருவே? ஒரு ராத்திரிப் பயணம்..."

அவள் போனை அணைத்துவிட்டு நடந்தாள். நடந்தாள் என்று சொல்ல முடியாது.

பெரியவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பளித் தொப்பியோடு மூச்சிரைக்க நின்றவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றியதும் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

"எப்படிடீ வந்தே?"

"நடந்து."

சின்னவள் மண்டியிட்டு விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, அசைந்தது. கையைத் தொங்கவிடாமல் தன் துப்பட்டாவால் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள். படம் எடுத்தால்தான் தெரியும் என்று சொன்னாள். அதற்குள் அப்பாவோடு ரேடியோ வந்துவிட்டது. "பெரியம்மா, நாங்களும் மூணு நாளா இங்கதான் இருக்கோம்! உங்களை அஞ்சு தடவை பார்த்தேன்!"

அத்தான் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போனார். அந்த நேரத்தில் அதைவிட நல்ல வேலை அவருக்கு இருந்திருக்க முடியாது.

"லீவு கிடைக்கலைன்னு சொன்னே" என்றாள் பெரியவள்.

"கிடைச்சிருந்தது."

"என்கூட வரப் பிடிக்கலையா?"

"பதினோரு ஞாயிறுக்கா" என்றாள் சின்னவள். அக்காவுக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள்: ஹோட்டல், கார், முதல் வகுப்பு. "முடியாதுன்னு சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பே. அப்புறம் வாழ்நாள் பூரா, மலை நல்லா குளிர்ந்துச்சான்னு கேட்டுட்டிருப்பே."

பெரியவள் முகம் சட்டென்று சிவந்தது. ஃபிரிட்ஜ் என்று அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "நான் அன்பாத்தானே கேட்பேன்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. பிறகு வெடித்தாள். "அதுக்காக ஒரே தெருவில என் முதுகைப் பார்த்து ஒளிவியா? நான் யாரு, கடன்காரியா? வெக்கையாம்! குக்கராம்!"

"தப்புதான்."

"தப்புதான், பெரிய தப்பு."

அன்று பெரியவளுக்குத் துணியை மாற்றிவிட, முடியை அவிழ்த்துக் கட்ட ஒரு பெண் வேண்டியிருந்தது. அதனால் சின்னவளும் ரேடியோவும் பள்ளத்தாக்கு ஹோட்டலில் தங்கினார்கள். அத்தானும் இரண்டு பையன்களும் சின்னவள் கணவனோடு ஹார்டுவேர் கடை மாடிக்குப் போனார்கள். சகோதரிகள் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அறைக்கே சாப்பாடு வரவழைத்தார்கள். பில் வந்தபோது பெரியவளின் இடது கை பழக்கமாகப் பையைத் தேடியது. சின்னவள் அதற்கு முன் தன் பர்ஸைத் திறந்துவிட்டாள்.

"விடுடீ, நான்..." என்று தொடங்கிய பெரியவள் தங்கை முகத்தைப் பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

முக்கால் ஞாயிறு. சின்னவளுக்கு அது வலிக்கவில்லை.

காலையில் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே வெள்ளைச் சுவர் மாதிரி மூடுபனி. பள்ளத்தாக்கு இருந்த அடையாளமே இல்லை. "வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்" என்றாள் பெரியவள் படுத்தபடியே. "மேகம் உள்ளே வந்தது உண்மைதான். போர்வையெல்லாம் ஈரம்." அந்தக் குரலில் லேசான சிரிப்பு இருந்ததா, சின்னவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சின்னவளின் பஸ் நண்பகலில். காரில் எல்லோரும் நெருங்கி உட்காரலாம் என்று அத்தான் சொன்னார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சின்னவள் சொன்னாள். பெரியவள் வற்புறுத்தவில்லை. கட்டுப் போட்ட கையோடு பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

பெரியவள் யோசித்தாள். பொய் சொல்ல நினைத்து, முடியாமல், "கட்டித்தான் இருப்பேன்" என்றாள்.

"அதான்க்கா."

"ஆனாலும் இதை நான் லேசுல மறக்க மாட்டேன்டீ."

"மறக்க வேண்டாம்."

பஸ் கிளம்பியது. சின்னவளுக்கு அப்போதும் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா இனிப் பழையபடி பேசுவாளா, வீட்டுக்கு வருவாளா என்று வளைவுக்கு வளைவு நினைத்துக்கொண்டே வந்தாள். பாதி மலை இறங்கியதும் போன் அடித்தது.

"அத்தான் ராத்திரி அங்க நல்லா தூங்கினாராம்" என்றாள் பெரியவள், முறைப்பாகவே. "அந்த ஹார்டுவேர் கடைக்காரர் நம்பர் இருந்தா அனுப்பு."

"எதுக்குக்கா?"

"சும்மா. இருக்கட்டும்னு."