வண்டிக்கு வழி காட்டியவன்

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த மூலதனம் ஒரே ஒரு காட்சிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகலான தெரு. டைல்ஸ் பெட்டிகள் ஏற்றிய வண்டி ஒன்று பின்பக்கமாக உள்ளே நுழையப் படாதபாடு படுகிறது. ஒருவன் நடுவில் நின்று, "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிங்க, போதும்" என்று கை காட்டி உள்ளே விடுகிறான். பிறகு திரும்பி நடந்து, பக்கத்துத் தெருவில் ஒரு டைல்ஸ் கடைக்குள் போய் உட்கார்கிறான். கடையே அவனுடையதுதான். வண்டி வேறு கடையின் வண்டி. அது யார் வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: நல்ல தரை வேண்டுமென்றால் நல்ல கடை வேண்டும், நல்ல கடை என்பது—

(விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: கூடத்தின் தரை அங்கங்கே பெயர்ந்து கிடந்தது, அவள் மனதைப் போலவே—

(மன்னித்துவிடுங்கள்.)

மூன்றாவது: பல் டாக்டருக்கு ஒரு தம்பி இருந்தான். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தி மகன்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அவனுக்கு 'நொட்டை' என்று பெயர் வைத்ததே அந்த டாக்டர் அக்காதான். எதைக் காட்டினாலும் குறை சொல்வான். யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பான். அவள் கிளினிக் திறந்த அன்று வாசலிலேயே நின்று, "போர்டுல உன் பேரைவிடப் பல்லு பெருசா இருக்கேக்கா, பல்லுதான் டாக்டரா?" என்றான். அவள் கணவரைப் பற்றிக் கேட்டதற்கு, "மாமா தங்கம். சட்டைதான் சகிக்கல" என்றான்.*

* வெளியாட்களிடம் அவன் இப்படிப் பேசமாட்டான். இதைக் கதைக்குள் எங்கே சொருகுவது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன். இதுதான் கதையே என்பது பிறகுதான் உறைத்தது.

கூடத்துத் தரையை மாற்றலாம் என்று முடிவானபோது கணவர் சொன்னார்: "மச்சான் கடை வேண்டாம். சொந்தத்துல வாங்கினா, நாளைக்கு ஒண்ணு விரிசல் விட்டா வாயத் தொறந்து கேக்க முடியுமா? உறவுதான் கெட்டுப்போகும்."

முதலில் எழுதிய வரைவில் அவரை மட்டும் பேசவிட்டு, பழியை அவர் தலையில் கட்டி, அவளைத் தப்பவைக்கப் பார்த்தேன். அது நியாயமில்லை. பால் வெள்ளையில் பளபளவென்று ஒரு தரை வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நொட்டையிடம் போனால், "என்னக்கா, ஆஸ்பத்திரியா கட்டுற?" என்பான். ஒரே ஒரு தடவை, யாருடைய கேலியும் இல்லாமல், தனக்குப் பிடித்ததை வாங்கிவிட நினைத்தாள்.

"அதுவும் சரிதான். வேலை முடிஞ்சதும் அவன்கிட்ட சொல்லிக்கலாம்" என்றாள். மெயின் ரோட்டுக் கடையில் வாங்கினார்கள்.

இத்தனைக்கும் அவளுக்கு இது தெரியாத வலி இல்லை. நாத்தனார் வேறு டாக்டரிடம் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தபோது, மாதக்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் இவள்.

4

வண்டிக்காரனுக்கு வீடு தெரியவில்லை. டைல்ஸ் கொண்டுவந்தவன் டைல்ஸ் கடையில் வழி கேட்பதில் என்ன தப்பு? நொட்டை எழுந்து, தானே முன்னால் நடந்து வந்தான்.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவன் திரும்பினான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்குத்தான் வந்திருக்குக்கா. பெட்டியை நிமித்தி வைக்கச் சொல்லு. படுக்க வச்சா உடையும்."

"டேய், உள்ள வா, நான் உன்கிட்ட—"

(இந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவளால்தான் முடிக்க முடியவில்லை.)

"கடையில ஆள் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

5

தரை முடிந்ததும் கூப்பிட்டாள். வந்தான். வாசலோரம் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு டைல் ஓடியது. முதலில் அளந்து பிரித்துக்கொள்ளாமல் உள் மூலையிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் அப்படித்தான் விழும். முன்பெல்லாம் இப்படி ஒன்றைப் பார்த்தால் சாப்பிடும்வரை அதையே பேசிக்கொண்டிருப்பான்.

துண்டைப் பார்த்தான். தாண்டி உள்ளே வந்தான்.

"நல்லா இருக்குக்கா."

"வாசல்கிட்ட பாத்தியா?"

"பாத்தேன். பரவால்ல, மிதியடி போட்டா தெரியாது."

"கலரு?"

"நல்ல கலரு."

வந்ததும் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பவன், அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, டம்ளரைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"ஏதாவது சொல்லுடா" என்றாள்.

"என்னக்கா சொல்ல? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று எழுந்துகொண்டான்.

கணவர், "பாத்தியா, ஒண்ணும் மனசுல வச்சுக்கல. நல்ல மனுஷன்" என்றார். அவள் அழுதுகொண்டே போய் வாசலில் மிதியடியை விரித்தாள்.

6

முடிவுகள்.

டைல் ஒன்று உடைகிறது, அவனே வந்து மாற்றித் தருகிறான், இருவரும் சிரிக்கிறார்கள். வாசகருக்கு நான் கொடுக்கும் லஞ்சம் இது. வேண்டாம்.

படுக்கையறைத் தரையை அவன் கடையிலேயே வாங்குகிறாள். இதை முழுதாகவே எழுதினேன். நல்ல சரக்காகக் கொடுத்தான், சொன்ன நாளில் முடித்தான், அவள் கேட்ட நிறத்துக்கு மறுபேச்சே பேசவில்லை. எழுதியதில் இதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஒன்று. அவன் கடை வாசலில், கண்ணாடிக் கதவில் கை வைத்தபடி அவள் நிற்கிறாள். உள்ளே ஓர் அம்மாள் டைல்ஸ் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, நல்லதை நல்லது என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். உள்ளே போனதும் அவள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் எனக்கு வரவில்லை.

"விலை பேச வேண்டாமேன்னுதான்டா—" பொய்.

"உங்க மாமாதான்—" பாதிப் பொய்.

"என் மேல கோவமா?" இல்லை என்று சொல்லிவிடுவான், பேச்சு அதோடு முடிந்துபோகும்.

நான் அவனைத் தெருவில் ஒரு தடவை பார்த்தவன், அவ்வளவுதான். நீங்களும் யாரையாவது இப்படி, நல்லது என்று நினைத்தே, தள்ளி வைத்திருப்பீர்கள். அவரிடம் சொல்ல வைத்திருப்பதை இவளுக்குக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். உள்ளே அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டான். எழுந்து வருகிறான். கடைக்கு வருகிற எல்லோருக்கும் வைத்திருக்கும் அந்தச் சிரிப்போடுதான் வருகிறான்.