வாசலில் யார் மேளம்

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம் என்ற சட்டம் மால்ட்டாவில் நிறைவேறிய அன்று, கிராசியெல்லா தலைநகரச் சதுக்கத்தில் தொண்டை கட்டும்வரை கத்தினாள். பல வருஷமாக அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். அமைச்சர்கள் முன்னால்கூட அவள் குரல் தடுமாறியதில்லை. அப்பா சென்சுவின் முன்னால் மட்டும் பேச்சு எழாது. சாப்பாட்டு மேசையில் இருவரும் மீன் விலை பேசுவார்கள். அவள் வானொலியில் பேசும்போது அவர் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

இப்போது அவளுக்கே கல்யாணம், காதலி மார்த்தீஸோடு, செப்டம்பரில்.

ஊரில் சிவப்பு, நீலம் என்று இரண்டு வாத்தியக் குழுக்கள்; ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. குழுக் குடும்பத்தில் கல்யாணமென்றால் அந்தக் குழு வாசலுக்கு வந்து வாசித்துத் தெருவழியே அழைத்துப் போகும். சென்சு சிவப்புக் குழுவின் பெரிய மேளக்காரர். கிராசியெல்லாவும் அதில் கிளாரினெட் வாசிப்பவள்தான். ஆனாலும் அவள் போய்க் கேட்டபோது, செப்டம்பரில் எல்லாருக்கும் வேலை இருக்கிறதே என்று தலைவர் இழுத்தார். பக்கத்தில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார். வாத்தியம் இல்லாவிட்டால் போகட்டும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால் நடந்த அப்பா தனக்கு முன்னால் நடக்கமாட்டாரா என்பதுதான் அவளை அரித்தது.

மார்த்தீஸ் நீலக்காரக் குடும்பம். அவளுடைய மாமா நீனுதான் நீலக் குழுவின் தலைவர். ஒரு நாள் மாலை அவர் கிராசியெல்லாவைத் தேடி வந்தார்.

“மார்த்தீஸ் எங்க வீட்டுப் பொண்ணு. நாங்க வாசிக்கிறோம். உங்க வாசல்லேர்ந்தே கிளம்பிடலாம்.”

“அன்னைக்கு நோட்டீஸ் குடுக்க வந்தப்ப என் மூஞ்சியில கதவச் சாத்துனீங்களே மாமா.”

“அது சட்டத்துக்கு. இது சிவப்புக்காரன் மூக்கை உடைக்க.”

அதைக் கேட்டு மார்த்தீஸ் விழுந்து விழுந்து சிரித்தாள், சரியென்று சொல்லிவிடச் சொன்னாள். கிராசியெல்லாவுக்கு மனம் ஒப்பவில்லை. சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

“அப்பா, நீலக்காரங்க வாசிக்கிறோம்னு வந்தாங்க. நான் இன்னும் பதில் சொல்லல. நீங்க வந்தா போதும்பா. மேளம்கூட வேணாம்.”

சென்சு கையைத் துடைத்தார், தொப்பியை எடுத்தார், குழுக் கட்டடத்துக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை. தங்கள் ஜன்னல்வரை சத்தம் கேட்டதாகத் தெருவே சொன்னது.

கல்யாணத்தன்று காலை சிவப்புக் குழு வாசலில் நின்றது. எக்காளக்காரர்களில் சிலரைக் காணவில்லை. முன்வரிசையில், வயிற்றில் மேளத்தைக் கட்டிக்கொண்டு, சென்சு.

“நீலக்காரன் வந்துடக் கூடாதுன்னுதானே வந்தீங்க?” என்று கேட்டாள் கிராசியெல்லா.

அவர் வாரை இழுத்துச் சரிசெய்தார். “போனது அதுக்குத்தான். அங்க ஒருத்தன் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை விட்டான். அப்புறம் நீலமாவது, சிவப்பாவது.”

கிராசியெல்லாவுக்குக் கண்ணீர் முட்டியது. அவர் அதைப் பார்க்காதவர்போல, அவளருகில் நின்ற மார்த்தீஸ் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எந்தப் பாட்டும்மா வேணும்? உங்க நீலக்காரங்களோடது மட்டும் கேட்காதே.”

மார்த்தீஸ் அதைத்தான் கேட்டாள்.

அது எங்களுக்குத் தெரியாது என்றார் சென்சு. ஆனால் அவர் கோல் அதே தாளத்தைத் தட்டத் தொடங்கியிருந்தது.