இரண்டு இடத்தில் பொருந்திய துண்டுகள்

அக்கா மகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தவள்தான். திடீரென்று மாடிப்படியில் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தாள். போன வருடம் மரபணுச் சோதனை செய்தார்கள். "குறை ஏதுமில்லை" என்று முடிவு வந்தது. அன்றிலிருந்து அக்காவின் மாமியாருக்கு வாய் நீண்டுவிட்டது. "பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம். பெத்தவ செல்லம் கொடுத்து சோம்பேறியாக்கி வச்சிருக்கா."

சோதனை நடந்தது தங்கை நிரல் எழுதும் ஆய்வகத்தில். பிள்ளை மேலும் தளர்ந்ததும் அக்கா கேட்டுக்கொண்டதால் மூலத் தரவைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

கருவி மரபணுவைத் துண்டு துண்டாகத்தான் படித்துத் தரும். எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்று நிரல்தான் பொருத்த வேண்டும். தசைக்குப் பலம் தரும் இந்த மரபணுவுக்கோ, ஓர் எழுத்தைத் தவிர அச்சு அசலாக ஒரு நகலும் உண்டு. இரண்டு இடத்திலும் பொருந்தும் துண்டுகளை நிரல் சந்தேகப்பட்டுக் குப்பையில் தள்ளியிருந்தது. மிஞ்சியது வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குத்தான் "குறை ஏதுமில்லை" என்று நற்சான்று கொடுத்திருந்தார்கள். இதைச் சரிசெய்யச் சொல்லி அவள் ஆய்வகத் தலைவரிடம் போன வருடமே, இந்தச் சோதனைக்கு முன்பே மன்றாடியிருந்தாள்.

இரண்டு இடத்துத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அசலையும் நகலையும் பிரிக்கும் அந்த ஒற்றை எழுத்தை எண்ணும்படி நிரலை மாற்றி எழுதினாள். அசலின் எழுத்து ஒன்றுகூட வரவில்லை; குழந்தைக்கு அசல் மரபணுவே இல்லை, தசை நலியும் நோய்தான். நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வீட்டுல திருடன் இல்லன்னு சொல்லியிருக்கோம், சார்."

"எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா பண்றாங்க. உங்க அக்கா பொண்ணுக்கு மட்டும் சத்தமில்லாம திருத்திக் கொடுத்துடலாம். பழசையெல்லாம் கிளறினா நம்ம பேர் நாறிடும்."

"மத்த பிள்ளைங்களோட சித்தி இங்க வேலை பார்க்கலையே, சார்."

தலைவர் எதிரிலேயே அவள், குழந்தையைச் சோதனைக்கு அனுப்பிவைத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். மருத்துவர் விடவில்லை. தான் அனுப்பிய மாதிரிகள் அத்தனையையும் மறுபடி பார்க்கச் சொல்லி, மற்ற மருத்துவமனைகளுக்கும் தகவல் சொல்லிவிட்டார். பழைய தரவு முழுவதும் புது நிரலில் ஓடியது. அதே நோயோடு இன்னும் சில பிள்ளைகள் அகப்பட்டார்கள். தலைவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் நிம்மதி என்றிருந்தாள்.

அக்கா வீட்டுக் கூடத்தில் விஷயத்தைச் சொன்னபோது மாமியார் முந்திக்கொண்டார். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே."

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாத்தான் வரும். உங்க பையன்கிட்ட பாதி, என்கிட்ட பாதி," என்றாள் அக்கா. கல்யாணமானதிலிருந்து எதிர்த்துப் பேசியறியாதவள். "இத்தனை நாள் நடக்க முடியாத பிள்ளையைத் திட்டியே நடக்க வச்சீங்க, அத்தை. இனிமே அவளைப் பத்தி வாயைத் திறக்காதீங்க."

மாமியார் எழுந்து உள்ளே போனார்.

மருந்து தொடங்கிவிட்டது. இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பலம் அவ்வளவாகத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன வருடமே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்டாள். "இன்னும் படியேறிக்கொண்டிருப்பாள்" என்று மருத்துவர் சொன்ன பதிலைத் தங்கையால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. தலைவரைத் தாழ்வாரத்தில் எதிரே பார்க்கும்போதெல்லாம் போன வருடம் அவர் எதிரில் நின்று மன்றாடியது அவள் நினைவுக்கு வருகிறது.