நார்மின் காது

ஐல்சா இரண்டாம் முறை "மிஸ்" என்றபோதும் மிஸ் டூலன் நிமிரவில்லை. கணக்குத் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி முழங்கையால் அமுக்கிக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கை மட்டும் எழுந்து ஜன்னலோர அலமாரியைக் காட்டியது.

"யாரையாச்சும் போட்டுக்குடுக்க வந்தியா? நார்ம்கிட்ட போய்ச் சொல்லும்மா."

நார்ம் ஒரு பொம்மை. வாம்பாட் என்ற இந்த நாட்டு விலங்கு. பெருச்சாளிக்கும் கரடிக்கும் பிறந்தது மாதிரி ஒரு குண்டு உருவம். "மிஸ், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்", "மிஸ், அவ வரிசையில நுழைஞ்சுட்டா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் காது புளித்துப்போன மிஸ் டூலன், வருடத் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்தவரைப் பற்றி யார் என்ன சொல்வதானாலும் நார்மின் காதில் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். நார்ம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும், ஒன்றும் செய்யாது. சும்மா சொல்லக்கூடாது, ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. மற்ற ஆசிரியைகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இத்தனை மாதத்தில் அதன் இடது காது மட்டும் மயிரெல்லாம் உதிர்ந்து கறுத்துவிட்டது.

ஐல்சா போனாள். குனிந்தாள். "டார்சி ஷெட்டுக்குள்ள மாட்டிக்கிட்டான். பிரைடி தாழ்ப்பா போட்டுட்டா" என்று அந்தக் காதுக்குள் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நெஞ்சு ஒரு கணம் லேசானது. அப்படி லேசானதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

டார்சி ஒன்றாம் வகுப்பு. ஐல்சாவின் பக்கத்தில் உட்காரும் பிரைடியின் தம்பி. சாப்பாட்டு நேரம் முழுக்க அக்காவின் பின்னாலேயே திரிவான். தொல்லை தாங்காமல் பிரைடி அவனை மைதானத்துக் கோடியில் இருக்கும் தகர ஷெட்டுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுவது வழக்கம். அவனும் பின்பக்கத்துத் தகரத்தை நெம்பித் தவழ்ந்து வெளியே வந்து, ஜெயித்துவிட்டதாகக் குதிப்பான். அது அவர்கள் விளையாட்டு. இன்று வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியதும், விதிப்படி, பாதிச் சாப்பாட்டிலேயே மணி அடித்து எல்லோரையும் உள்ளே விரட்டினார்கள். ஷெட்டின் பின்பக்கமாக ஓடிவரும்போது ஐல்சா பார்த்தாள். நெம்பும் தகரத்தில் வரிசையாகப் புதுத் திருகாணிகள் மின்னின.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் பிரைடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஐல்சாவின் கையை யாரும் பிடித்து ஓடியதில்லை. அதற்கு முன்னால் பழைய ஊரிலும் வெகுகாலமாக இல்லை.

"பிரைடி, அந்தத் தகரத்த அடச்சிருக்காங்க" என்று வரிசையில் நிற்கும்போது சொன்னாள்.

"வாய மூடு. அவன் எப்படியாச்சும் வந்துருவான். நீ என்ன, டாபரா?"

போட்டுக்கொடுப்பவருக்கு இங்கே அந்தப் பெயர். பழைய ஊரான கிளாஸ்கோவில் 'கிளைப்'. ஐல்சாவுக்கு அங்கே அந்தப் பெயர் இருந்தது. மூன்று பையன்கள் ஒருத்தனின் பையைக் கால்வாயில் எறிந்ததை ஆசிரியையிடம் சொன்ன நாளிலிருந்து, பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பை யாருடையதோ அவனும் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மா இந்தச் சுரங்க ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியும், அம்மா சொல்லவில்லை என்றாலும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வார்டுல லண்டன்காரி ஒருத்தி அதுக்கு 'கிராஸ்'ங்கிறா. டெக்சாஸ்காரி 'ஸ்னிட்ச்'ங்கிறா. அயர்லாந்துக்காரி நேரா எலிங்கிறா. ஊருக்கு ஒண்ணு வச்சிருக்காளுங்க பாரேன்." ஐல்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நாட்டுக்குக் கப்பலேறினாலும் அந்தப் பெயர் தனக்கு முன்னால் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

வாசிப்பு வகுப்பு பாதியில் இருக்கும்போது தலைமையாசிரியர் கியோ கதவருகே வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டார்சியை யாராச்சும் பாத்தீங்களா? அவன் கிளாஸ் மிஸ், அவன் உடம்பு சரியில்லாம சிக் ரூம்ல படுத்திருக்கான்னு நெனச்சிட்டாங்க. அங்க இல்ல."

வகுப்பே மேசையைப் பார்த்தது. இன்னும் சில பேருக்குத் தெரியும் என்பது அந்தத் தலைகள் குனிந்த விதத்திலேயே ஐல்சாவுக்குப் புரிந்தது.

"பிரைடி?"

"வீட்டுக்குப் போயிருப்பான் சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான வீடு."

அவர் கேட்டைப் பார்த்து ஓடினார். ஷெட் இருந்தது நேர் எதிர்த் திசையில். மிஸ் டூலனும் வாசல்வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மேசைக்கு அடியில் பிரைடி ஐல்சாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"வந்துருவான் ஐல்சா. எப்பவும் வர்றவன்தான. இப்ப சொன்னா எங்கப்பா என் தோலை உரிச்சிருவாரு. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அந்த ஷெட்டின் தகரம் காலையிலேயே தொட முடியாதபடி சுடும். உள்ளே ஜன்னல் கிடையாது. டார்சி ஒரு பொழுதும் சும்மா இருக்கமாட்டான், கத்திக்கொண்டே இருப்பவன். இத்தனை நேரத்தில் மைதானத்திலிருந்து ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஐல்சா பிரைடியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். எழுந்து அலமாரிக்குப் போனாள்.

"ஐல்சா, இப்ப எதுக்கு நார்ம்? உக்காரு முதல்ல" என்றார் மிஸ் டூலன்.

ஐல்சா நார்மைத் தூக்கிக்கொண்டு வகுப்பின் நடுவில் வந்து நின்றாள். அதன் கறுத்த காதில் வாயை வைத்தாள். ஆனால் பேசியது கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. வகுப்பில் எல்லோரும் எப்போதும் கிண்டல் செய்யும் அவளுடைய கிளாஸ்கோ இழுப்பு அன்று இரண்டு மடங்காக வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"நார்ம், டார்சி தகர ஷெட்டுக்குள்ள இருக்கான். சாப்பாட்டு நேரத்துலருந்து. பின்பக்கம் அடச்சிட்டாங்க, அவனால வர முடியாது." மூச்சு வாங்கியது. "அப்பவே வந்து உங்கிட்ட சொன்னேன்."

மிஸ் டூலனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடினார்.

எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். செம்மண் மைதானத்தில் மிஸ் டூலன் ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைத் தொட்டுக் கையை உதறினார். பிறகு பாவாடை விளிம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். கதவு திறந்தது. உள்ளே போனவர் வெளியே வர நேரமானது. பிரைடி ஐல்சாவின் பக்கத்தில் நின்று வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மிஸ் டூலன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டார்சியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் தொங்கின. கண் திறந்திருக்கிறதா என்பது இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

பின்னாலிருந்து யாரோ மேசையை மெதுவாகத் தட்டினார்கள். "போட்டுக்குடுத்தா, போட்டுக்குடுத்தா" என்று தாளம் போட்டார்கள். இன்னொரு குரல் சேர்ந்தது. பிரைடி பாடவில்லை. ஐல்சாவைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துபோனாள்.

மைதானத்தின் பாதியில், தொங்கிக்கொண்டிருந்த கைகளில் ஒன்று மெல்ல எழுந்து மிஸ் டூலனின் தலைமுடியைப் பிடித்தது. பின்னால் தாளம் நிற்கவில்லை. ஐல்சா திரும்பவில்லை. நார்மை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அதன் கறுத்த காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.