யாரும் எறியாத உருளை

கரடிக்கு ஏழு மாதம். பெயர்தான் கரடி, கறுப்பு நாய்க்குட்டி. யாரைக் கண்டாலும் வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடும். எறிந்ததை எடுத்துவரும் இனம் என்பதால் எடுத்துவர அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. எடுக்கப் போகாமல் உட்கார்ந்திருக்கத்தான் கற்றுத்தர வேண்டும். எறிகிற துணி உருளை கண்ணெதிரே விழும். நான் "எடு" என்று சொல்கிறவரை அது அசையக் கூடாது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாயின் பக்கத்தில் நிற்க, இன்னொருவர் தூரத்தில் நின்று எறிய வேண்டும். அத்தான் எறிவார், நான் நிற்பேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில், மோட்டார் அறையின் ஓரம் அவர் இடம். கித்தான் துணியில் மரத்தூள் அடைத்து அக்காதான் அந்த உருளையைத் தைத்துக் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் சமையலறை ஜன்னலிலிருந்து கேலியும் செய்வாள்.

"சார் இன்னிக்காவது பாஸாவாரா?"

"'எடு'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே ஓடறான். உன்கிட்ட சாப்பிட்டு வளர்றவன் வேற எப்படி இருப்பான்?" என்பார் அத்தான்.

பிறகு ஒருநாள் அத்தான் அலுவலகப் படிக்கட்டில் மூச்சுவாங்குகிறது என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நான் மட்டும் கரடியோடு மனைக்குப் போனேன். நானே எறிந்தேன். உருளை தரையைத் தொடுவதற்குள் கரடி பாய்ந்துவிட்டது. பத்து தடவை எறிந்தேன், பத்து தடவையும் அப்படியே. சலித்துப்போய் உருளையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். கரடி வரவில்லை. உட்கார்ந்திருந்தது.

காதுகள் விறைத்திருந்தன. மோட்டார் அறையின் ஓரத்தையே பார்த்திருந்த அதன் தலை மெல்ல மேலே போனது, வளைந்து இறங்கியது, புல்லில் ஓரிடத்தில் நின்றது. விழுகிற ஒன்றை நாய் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். மனையில் யாரும் இல்லை. கரடி எச்சில் ஒழுக, நெஞ்சு அடித்துக்கொள்ள, இம்மியும் நகராமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தது. நான் ஐந்து மாதமாகக் கேட்டது அதுதான்.

அக்காவிடம் சொன்னது என் தப்பு. ஏன் சொன்னேன் என்பதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பயத்தில் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் வந்தது நான் இருந்த இடத்துக்கு என்று அவளுக்குத் தெரியட்டும் என்றும் ஒரு மனசு இருந்திருக்க வேண்டும்.

மறுநாளே அக்கா நாற்காலியைக் கொண்டுவந்து மனையில் போட்டாள். முதலில் சாயங்காலம் மட்டும். பிறகு காலையிலிருந்தே. தட்டை மடியில் வைத்தபடி சாப்பிட்டாள். பாதி சாப்பாடு அப்படியே காய்ந்தது. துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை அவளுக்கு. முதலாளியம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக. அக்கா அதைக் காதில் வாங்கவேயில்லை. கரடி உட்கார்ந்து ஏதோ விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்து, பிறகு இளமையாகிவிடும். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கரடி மறுபடியும் உட்கார்ந்தது.

"அனுப்புடி அதை," என்றாள் அக்கா.

"அங்க ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி எச்சில் விட்டுட்டு உட்காந்திருக்கு?"

"எறியாததுக்கு அனுப்பினா பழக்கம் கெட்டுடும்."

"பழக்கமாம் பழக்கம். நீ சொல்லலேன்னா நானே சொல்றேன்."

"நீ சொன்னா போகாது. என் குரலுக்குத்தான் போகும்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "அவர் எறியறார், நீ அனுப்பறே. நடுவுல நான் எதுக்கு, உருளை தைக்கவா?"

"எடு" என்ற சொல் நாக்கின்மேல் தயாராக இருந்தது. கரடி வெறும் வாயோடு திரும்பும் என்று நான் பயப்படவில்லை. அனுப்பினால் அது எடுக்காமல் வராது. எடுத்ததை என் கையில்தான் வைக்கும்; அப்படித்தான் பழக்கியிருந்தேன். அப்புறம் நாளைக்கு இன்னொன்று விழும். அக்கா எழுந்திருக்கவே மாட்டாள்.

இந்தப் பயிற்சியில் இன்னொரு படி உண்டு. விழுவதெல்லாம் நாய்க்கு இல்லை என்று அது கற்க வேண்டும். அதனால் சில தடவை நாயை உட்காரவைத்துவிட்டு, அதன் கண்ணெதிரே நாமே நடந்துபோய் எடுப்போம். நம் கையில் பார்த்ததும் அது காத்திருப்பதை விட்டுவிடும். அத்தான் எறிந்ததை நான் ஒருநாளும் அப்படிப் போய் எடுத்ததில்லை.

"இரு," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

புல் முழங்கால்வரை இருந்தது. பூச்சிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன்; கரடியும் அக்காவும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டடி போனதும் கரடியின் காதுகள் எழுந்தன. குனிந்தேன். அங்கே ஒரு முழ நீளத்துக்குப் புல் அழுந்திக் கிடந்தது. கையை வைத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் விரல்களை மடக்கியபோது, நடுவில் எதுவோ இருப்பதுபோல், முழுதாக மூடவில்லை. கையை உயர்த்தியபோது அழுந்திய புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

அந்தக் கையோடு திரும்பி வந்தேன். கரடி முகர்ந்தது. நீளமாக மூச்சுவிட்டு, மோவாயைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. இத்தனை நாளில் முதல்முறையாக அக்கா தானாக எழுந்து வந்தாள்.

"குடு."

"அக்கா, வேண்டாம்."

"குடுடி. எனக்கு வந்ததை நீ ஏன் வெச்சிருக்கே?"

கொடுக்க எனக்கு மனசில்லை. கை தானாக நெஞ்சுப் பக்கம் மடங்குவதை நானே பார்த்தேன். அவளும் பார்த்தாள். கோபப்படவில்லை, கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் என் உள்ளங்கையை அவள் இடது கையின்மேல் கவிழ்த்தேன். அவள் கை சட்டென்று கீழே இறங்கி, சமாளித்துக்கொண்டது.

"இவ்வளவு கனம்னு சொல்லவே இல்லையேடி," என்று மெல்லச் சிரித்தாள். "நாளைக்குக் கடைக்குப் போகணும். ஆறு மணிக்கு எழுப்பிவிடு."

அவள் உள்ளே போனபிறகு என் விரல்களை மடக்கிப் பார்த்தேன். சுலபமாக மூடின, நகம் உள்ளங்கையில் குத்தியது.

காலையில் அக்கா குளித்துத் தயாராகி, தட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். வலது கையால் பையை எடுத்தாள், வலது கையாலேயே கதவைத் திறந்தாள். இடது கை பாதி மூடியபடி இடுப்போடு ஒட்டியிருந்தது. தைக்க இரண்டு கையும் வேண்டுமே என்று நினைத்தேன். கரடி அவள் பின்னாலேயே கேட்வரை போய், அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அவள் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அசையவில்லை.