பால் காய்ச்சிய வீடு

பத்மினியின் சிரிப்பே பத்மினிக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

திருப்பதியில் ஒரு சர்க்கார் ஆபீஸ். திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்று மனுவை நீட்டினால், மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் பேரைத் தாண்டி அதைப் படிக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்து அவள் பக்கமாகத் திருப்பினார். அதில் பத்மினி! பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், மூன்று செங்கல்லின் மேல் பொங்கி வழிகிற பால், முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. பக்கத்தில் அவள் புருஷன் முனிகிருஷ்ணன், புது வேட்டியில் விறைப்பாக நிற்கிறார்.

“இதி மீரே கதாம்மா?” என்று அந்த ஆள் கேட்டார்.

“நான்தான் சார். அதுக்கு இன்னா இப்ப?”

கிருகப்பிரவேசம் செய்த நாளே வீட்டை ஒப்படைத்த நாள், அக்ரிமெண்டில் பதினோராம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, வீடு கட்டிய கம்பெனி போட்டோவோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது, இனிமேல் லைட்டு, தண்ணி எல்லாம் உங்கள் பாடு என்று தெலுங்கில் மளமளவென்று சொல்லி முடித்தார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

 ரேஷன் கார்டு நகரி விலாசத்தில் இருக்கிறதே என்று போன வாரம்தான் சித்தூருக்குப் போய்த் திரும்பியிருந்தாள். உன் வீடு இருப்பது திருப்பதி ஜில்லா, அங்கே போ என்றார்கள். இங்கே வந்தால் அவள் பல்லையே அவளுக்குக் காட்டி அனுப்புகிறார்கள். யாரைப் போய் அறைவது?

அந்தச் சிரிப்பு வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கும் அவள்மேல்தான் கோபம் வரும். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற குடும்பம். வாடகை வீட்டிலேயே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ‘தேவமல்லி டவுன்ஷிப்’ வருகிறது, நாற்பது வீடு, பார்க்கு, கோயில் என்று ஹரிபாபு வந்து சொன்னான். கம்பெனிக்காக வீடு விற்றுக் கொடுக்கிறவன். வாயைத் திறந்தால் தேன். கடன் போட்டு வாங்கினார்கள். வைகாசி பிறந்தும் வீட்டுக்கு ஜன்னல் வரவில்லை, கரண்ட் வரவில்லை. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது. அதற்குமேல் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு தடங்கல் வரும் என்று பத்மினிக்கு ஒரே பதற்றம்.

“பத்மினியக்கா, சுபமா பாலைக் காய்ச்சிடுங்க. மீதி வேல தானா நடக்கும்” என்று ஹரிபாபுதான் சொன்னான். ஐயரை அவனே கூட்டி வந்தான். போட்டோக்காரனைக் கூட்டி வந்தான். அரைக் கிலோ மைசூர்பாகு வேறு வாங்கி வந்தான், புண்ணியவான். ஜன்னல் இல்லாத ஓட்டையில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். நல்ல நாளைத் தவறவிடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அது ஹரிபாபுவுக்கும் தெரியும் என்பதைத்தான் பத்மினி யோசிக்கவில்லை.

பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது, விளக்கு எரிய வேண்டும் என்று அந்த வாரமே சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாடகை வீட்டுக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த நாற்பது வீட்டில் இவர்கள் மட்டும்தான். ஜன்னலுக்குத் தார்ப்பாய். கட்டட வேலைக்கு இழுத்த ஒயரிலிருந்து ஒரு பல்பு. கம்பெனி ஆள் எப்போது நிறுத்துகிறானோ அப்போது இருட்டு. தண்ணீருக்கு ரெண்டு டிரம்மை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் விட்டார்கள். ஐப்பசி மழையில் அது நிரம்பி, சமையலறைக்குள் கணுக்கால் அளவு சாக்கடை வந்தது. ஒருநாள் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கட்டுவிரியன். முனிகிருஷ்ணன் அதிகாலையில் பஸ் ஏறி நகரிக்குத் தறிக்குப் போய்விடுவார். நாளெல்லாம் இதோடு மல்லுக்கட்டுவது பத்மினி.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மகள் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. ரோஹிணியைத் தடாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இப்போது நிறைமாதம். வெள்ளிக்கிழமை சீமந்தம். முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். சம்பந்தியம்மா ரத்னம்மா வாயாடி இல்லை, நியாயமான பொம்பளை. அதனாலேயே அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. “லைட்டும் தண்ணியும் வந்துட்டா கூட்டிக்கினு போங்க சம்பந்தி. இல்லன்னா இங்கயே பாத்துக்கறோம். பச்சை உடம்பு, பச்சப்புள்ள. யோசன பண்ணுங்க.”

ரோஹிணியோ தினம் போன் பண்ணி அழுதாள். “எனக்கு உன்கிட்டதான்மா இருக்கணும். இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா ராவுல பயமாக்கீதுமா. நீ இட்டுக்கினு போய்டு.”

“இட்டுக்கினு வராம வுடுவனா கண்ணு? எப்பாடுபட்டாவது லைட்டு வாங்கிடறேன்” என்று பத்மினி வாக்குக் கொடுத்திருந்தாள்.

திருப்பதியில் மனுவும் போச்சு. செவ்வாய்க்கிழமை காலையில் ஹரிபாபு தானாகவே வந்து நின்றான். பின்னாலேயே டேங்கர், ஜெனரேட்டர், பந்தல் சாமான், வண்டி வண்டியாக. எதிர்வரிசையில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தை ஷாமியானா துணி போட்டு மூடினார்கள். சாக்கடைப் பள்ளத்தின் மேல் பலகை, பலகைமேல் சிவப்புக் கம்பளம்.

“நாளைக்கு அங்க கிருகப்பிரவேசம் அக்கா. ரேணிகுண்டா பார்ட்டி. சின்ன வயசு ஜோடி” என்றான் ஹரிபாபு. “நீங்களும் மாமாவும் வந்து நில்லுங்க. எப்படி இருக்குன்னு அந்தப் பொண்ணு கேக்கும். எல்லாம் வந்துடுச்சி, நிம்மதியா இருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, சாலு, போதும். இந்த ஜெனரேட்டர்லேந்து உங்க வீட்டுக்கு லைன் இழுத்துடறேன். தினம் தண்ணி. உங்க பொண்ணு பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் நான் பொறுப்பு.”

“த்தூ! உனுக்கு வெக்கமா இல்ல?” என்றாள் பத்மினி.

“யோசிச்சி சொல்லுங்க அக்கா” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

முனிகிருஷ்ணன் சாயங்காலம் வந்து, எல்லாவற்றையும் கேட்டார். “சொல்லிடு மே” என்றார். “அவங்க யாரோ, எவரோ. நமக்கு நம்ம பொண்ணு வரணும். நாம சொல்லாட்டியும் அவன் வேற யாரையாவது வெச்சி சொல்ல வெப்பான்.”

“அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கச் சொல்றியா?”

“நம்ம பொண்ணு வயித்தப் பாரு மொதல்ல” என்றார் அவர். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அந்தக் குரல் உடைந்துதான் வந்தது.  அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் பத்மினியைக் கொன்றது. கடைசியில், சரி, சொல்லித் தொலைக்கிறேன் என்றாள்.

புதன்கிழமை காலையில், தறிக்கு லீவு போட்ட முனிகிருஷ்ணனோடு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனாள். ஹரிபாபு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெரிய மனுஷியை வரவேற்கிற மாதிரி, “ரண்டி அக்கா, வாங்க வாங்க” என்று அழைத்துப் போனான். பத்தொன்பதாம் நம்பரில் ஜெனரேட்டர் புண்ணியத்தில் எல்லா பல்பும் எரிந்தன, குழாயில் தண்ணீர் கொட்டியது. நடுக்கூடத்தில் மூன்று செங்கல், நெருப்பு, புதுப் பாத்திரம். அதன் முன்னால் அந்தப் பெண் பவ்யா, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, புகையில் கண்ணைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பரணிக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. போட்டோக்காரன் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வைகாசியில் வந்த அதே போட்டோக்காரன்!

“நீங்க எதிர்வீட்டு அக்காவா?” என்றாள் பவ்யா. “ஒரே ஒரு வீட்லதான் ஆள் இருக்காங்கன்னதும் எனக்கு பயமா இருந்துச்சி. அண்ணன் சொன்னாரு, அக்கா இருக்காங்க, ஒத்தாசையா இருப்பாங்கன்னு. இங்க தண்ணி, லைட்டு எல்லாம் நல்லா வருதாக்கா?”

எல்லாரும் பத்மினியைப் பார்த்தார்கள். முனிகிருஷ்ணன் பார்க்கவில்லை, குனிந்துகொண்டார். பத்மினி வாயைத் திறந்தாள். ‘வருது’ என்று ஒரு வார்த்தை. மூணெழுத்து. மகளின் அழுகுரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பாத்திரத்தில் பால் விளிம்புவரை ஏறிவிட்டது. நுரை தளும்பியது. “அம்மா, கொஞ்சம் சிரிங்க” என்றான் போட்டோக்காரன். பவ்யா நிமிர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பத்மினிக்கு வெறி தலைக்கேறியது. ஒரே எட்டு. வெறுங்கையால் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்துவிட்டாள். எழுந்த பால் அப்படியே உள்ளே அடங்கிப்போனது.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பொங்க இருந்த பாலை இறக்குவதாவது! கொலை செய்தாலும் செய்வார்கள், இதை யாரும் செய்ய மாட்டார்கள். “ஏய், யாருடி நீ! பைத்தியமா?” என்று பரணி கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

“அடி, அடிச்சிட்டுப் போ. ஆனா கேட்டுட்டு அடி!” என்று பத்மினி கத்தினாள். “இந்தப் பாலு பொங்குச்சின்னா வீட்ட ஒப்படச்சிட்டான்னு அர்த்தம். அக்ரிமெண்ட எடுத்துப் பாரு, பதினோராம் பக்கம்! அப்புறம் நீ ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா உன் பொண்டாட்டி சிரிச்ச போட்டோவ உன் மூஞ்சிக்கு நேரா காட்டுவானுங்க. எனுக்குக் காட்டனானுங்க. வாயா, வந்து என் வூட்டப் பாரு. லைட்டு இல்ல, தண்ணி இல்ல. சாக்கடைல நின்னுக்கினு சோறு ஆக்கறேன். இந்தக் கம்பளத்தத் தூக்கிப் பாரு, கீழ இன்னா கீதுன்னு!”

“வயித்தெரிச்சல்ல பேசுது சார், மனசுல வெச்சிக்காதீங்க” என்றான் ஹரிபாபு. “ஐயர் சாமி, வேற பால் ஊத்துங்க, முகூர்த்தம் இன்னும் இருக்கு.”

பரணி அவளைத் திட்டித் தீர்த்தான். விளங்காதவள், குடிகெடுத்தவள் என்று வாய்க்கு வந்ததெல்லாம். பத்மினி ஒன்றுக்கும் அசையவில்லை. பவ்யாதான் எழுந்தாள். அவளும் பத்மினியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. பார்த்த பார்வையில் அத்தனை வெறுப்பு. ஆனால் நேராக வாசலுக்குப் போய்க் கம்பளத்தின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வந்து, புருஷனிடம், “வேணாங்க. கிளம்பலாம்” என்றாள்.

கார் போன பத்தாவது நிமிஷம் ஹரிபாபு ஆளை விட்டுப் பத்மினி வீட்டுக்கு இருந்த அந்த ஒரே ஒயரையும் அறுக்கச் சொன்னான். “பொண்ணக் கூட்டிக்கினு வந்து இருட்டுல பெத்துக்கோங்க” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.  முனிகிருஷ்ணன் டிரம்மை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

வெந்த விரல்களில் மாவைத் தடவிக்கொண்டு, இடது கையால் போனை எடுத்துப் பத்மினி மகளைக் கூப்பிட்டாள். ரோஹிணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“இன்னாமா, லைட்டு வந்துச்சா?”

“இல்ல கண்ணு. குடுக்கறேன்னு சொன்னான். நான்தான் கெடுத்துக்கினேன்.” பாலை இறக்கி வைத்ததைச் சொன்னாள். 

“யாரோ ஒருத்திக்காக என்ன வுட்டுட்டியாமா?” என்று ரோஹிணி கேட்டாள்.

பத்மினிக்கு எவ்வளவோ சொல்ல வாயில் வந்தது. ஹரிபாபுவைப் பற்றி, அந்த ஆபீசர் திருப்பிக் காட்டிய போட்டோவைப் பற்றி, புகையில் கண்ணைக் கசக்கிய அந்தப் பெண்ணைப் பற்றி. எதைச் சொன்னாலும் மகள் கேட்டதற்குப் பதில் ஆகாது.

“ஆமாண்டி, வுட்டுட்டேன்” என்றாள். “நீ அங்கயே பெத்துக்கோ. அத்த சொல்றதக் கேட்டு நட. வலி எடுத்தா ஒரு போன் பண்ணு, ரெண்டு பஸ் மாறி வந்துடறேன்.”

ரோஹிணி போனை வைத்துவிட்டாள்.