பஸ் சத்தத்தை எடுத்துவிட்ட படம்

மாமல்லபுரத்து விடுதி அரங்கில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் விழுந்து செத்துப்போன கிஷோரைப் பற்றிய ஆவணப்படம். அவன் மனைவி யோகேஸ்வரியும் அண்ணன் இருசப்பனும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் படகில் தம்பியோடு இருந்தவர் இருசப்பன் மட்டும்தான்.

ஒலிப்பதிவு செய்த ரெஜினா பின்னால் இருந்தாள். முழுப் படத்தை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள்.

"கிஷோர் எப்படி விழுந்தாரு?" என்று கேட்டது இயக்குநர் ஆதித்யாவின் குரல்.

திரையில் இருசப்பன் வாய் திறக்கவில்லை. கேமரா மெல்ல அவர் முகத்தை நெருங்கியது. பின்னணி இசையில் ஓர் உறுமல் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. அவர் கண் ஓரமாக நகர்ந்தது. அடுத்த காட்சியில் அவர் கைகள் மீன் வெட்டும் கத்தியைக் கழுவின. அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை.

ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. படப்பிடிப்பின்போது, கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் பஸ் போகட்டும், பொறுங்கள் என்று கை காட்டியதே அவள்தான். அந்தக் கையைத்தான் அவர் பார்த்தார். பஸ் சத்தத்தை எடுத்துவிட்டு உறுமலைப் போட்டிருக்கிறார்கள்.

யோகேஸ்வரி திரும்பினாள். "இன்னா மாமா, ஏன் பேசாம நின்ன?"

"பஸ்ஸு வந்துகினு இருந்திச்சும்மா" என்றார் இருசப்பன். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரெஜினா போய்ப் படத்தை நிறுத்தினாள். ஆதித்யா ஓடி வந்தான். "அவர் பதில் கடைசில வருது, ரெஜினா. அதுவரைக்கும் ஜனங்க உட்காரணும்ல?"

"அதுக்காக அதுவரைக்கும் அவர் கொலைகாரரா இருக்கணுமா?"

அவள் தன் மடிக்கணினியில் அசல் பதிவைப் போட்டாள். கேள்வி. பஸ் இரைச்சல். "பொறுங்கண்ணா" என்று அவளே கிசுகிசுப்பது. பிறகு, வலை காலில் சுற்றித் தம்பி விழுந்ததையும், குதித்துத் தேடியும் கிடைக்காததையும் சொல்லி இருசப்பன் அழுவது.

யோகேஸ்வரி கடைசிவரை கேட்டுவிட்டு ஆதித்யாவிடம் போனாள்.

"என் வூட்டுச் சாவ வெச்சி இவங்களுக்குத் திகில் காட்டிகினு கீறியா? கட்டுனவன பறிகொடுத்தவ நானு. என்னையே அவர சந்தேகப்பட வெச்சிட்டியே."

ஆதித்யா தலைகுனிந்து, அந்தக் காட்சியை வெட்டிவிடுவதாகச் சொன்னான். மறுவாரமே வெட்டவும் செய்தான். அதற்கு முன்பே ரெஜினா படத்திலிருந்து தன் பெயரை எடுக்கவைத்திருந்தாள்.

வெட்டிய படத்தைப் பார்க்க இருசப்பன் வரவில்லை. யோகேஸ்வரி வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் சொல்கிறார். அவள் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.